நம்ம ஊர் வீரருக்கு நினைவுநாள் நடத்துவது எப்படி

ராணுவத்தில் இருந்து இருபது, இருபத்தைந்து வயதில் உயிர்விட்ட பிள்ளைகள் பல ஊர்களில் உண்டு. நினைவுநாள் வந்தால் நாற்சந்தியில் ஃப்ளெக்ஸ் வைக்கிறோம், மாலை போடுகிறோம், பாட்டுப் போடுகிறோம். ஆனால் கூட்டத்துக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளிடம், அந்த அண்ணன் எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது இறந்தார், எப்படிப்பட்ட மனுஷன் என்று கேட்டுப் பாருங்கள், சொல்லத் தெரியாது. இதை மாற்றத்தான் இந்தக் குறிப்புகள். பெரிய செலவு எதுவும் கிடையாது, கொஞ்சம் வேலை இருக்கிறது.

முதல் வேலை, வீட்டுக்குப் போய்க் கேட்பது. போனில் வேண்டாம், நேரில் போங்கள். அம்மா அப்பா ஒரு வீட்டிலும் மனைவி வேறு ஊரிலும் இருந்தால் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், ஒருவரைக் கேட்டு இன்னொருவரை விட்டுவிட்டால் அந்த வருத்தம் வருஷக்கணக்கில் நிற்கும். அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். சரி என்றால் உட்கார்ந்து பேசுங்கள். உடல் எப்படி வந்தது, அரசு எவ்வளவு கொடுத்தது என்று கேட்காதீர்கள். லீவில் வந்தால் முதலில் யாரைப் பார்க்கப் போவார், தம்பி தங்கைக்கு என்ன வாங்கி வருவார், எதற்குக் கோபப்படுவார் என்று கேளுங்கள். அம்மாக்கள் இதைப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள், நீங்களும் நிறுத்தாதீர்கள். அவர் சொல்கிறபடியே எழுதிக்கொண்டு, எதைக் கூட்டத்தில் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது விவரம். இறந்தபோது இருந்த பதவி, ரெஜிமென்ட், எத்தனையாவது பட்டாலியன், இடம், தேதி, விருது, எல்லாம் சரியாக இருக்க வேண்டும். நாயக் பதவியில் இருந்தவரை அதற்கு மேல் பதவியான ஹவில்தார் என்று போட்டால் கூட்டத்துக்கு வருகிற பழைய ராணுவத்தினர் மனசு நோவார்கள். விருதுகளிலும் நிறையக் குழப்பம் நடக்கிறது. பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் எதிரியை நேருக்கு நேர் சந்தித்த போர்முனை வீரத்துக்கு. அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா மூன்றும் மற்றச் சூழலில் காட்டிய வீரத்துக்கு. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் தீவிரவாதிகளோடு நடந்த மோதலில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ராவும், கார்கில் போரில் இறந்த மேஜர் சரவணனுக்கு வீர் சக்ராவும் கிடைத்தது இப்படித்தான். விருது பெற்றவர்களின் குறிப்புகள் அரசின் இணையதளத்தில் இருக்கின்றன. விருது இல்லாதவர் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், கூடவே அவரோடு பணியாற்றிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். விருது இல்லை என்பதால் அந்தப் பிள்ளையின் உயிர் குறைந்ததல்ல, இதைக் கூட்டத்திலேயே சொல்லலாம்.

இப்போது அஞ்சலிக் குறிப்பு. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 'தியாகச் செம்மல்', 'மாவீரன்' என்று அடுக்கினால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. நம் நடுகற்களைப் பாருங்கள். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று கிடைத்தது. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவகத்தியின் பெயரோடு, கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. புகழ்ச்சி இல்லை, நடந்தது மட்டும் இருக்கிறது. 1,400 வருஷம் கழித்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

அதே மாதிரி எழுதுங்கள். மேஜர் மாரியப்பன் சரவணனைப் பற்றி இப்படிச் சொல்லலாம்: பீகார் ரெஜிமென்ட் முதலாவது பட்டாலியன். 1999 மே 28 இரவு, கார்கில் போரில், படாலிக் பகுதியில் சுமார் 14,000 அடி உயரத்தில் எதிரி பிடித்து வைத்திருந்த இடத்தை மீட்கத் தன் வீரர்களோடு ஏறினார். மேலிருந்து குண்டு மழை. ராக்கெட் லாஞ்சரை எடுத்துத் தானே சுட்டார், எதிரிகள் இருவர் விழுந்தார்கள். குண்டுச் சிதறல் பட்டுக் காயமான பிறகும் பின்வாங்கவில்லை. 29ஆம் தேதி தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். அப்போது வயது 26. உடலை மீட்டுக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நிதானமாக வாசித்தால் போதும், கூட்டம் அசையாமல் கேட்கும்.

வீரத்தோடு குணத்தையும் சொல்லுங்கள். அதே போரில் 22 வயதில் இறந்த கேப்டன் விஜயந்த் தாப்பர், தான் திரும்பாவிட்டால் வீட்டுக்குச் சேரும்படி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். அதில், காஷ்மீரில் தனக்குப் பழக்கமான ஒரு சிறுமிக்கு மாதம் 50 ரூபாய் கொடுத்து வாருங்கள் என்று பெற்றோரிடம் கேட்டிருந்தார். சாகலாம் என்று தெரிந்த நேரத்தில் அந்தக் குழந்தையின் 50 ரூபாயை மறக்காத மனசு அது. நம் ஊர்ப் பிள்ளையிடமும் இப்படி ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும், வீட்டில் கேட்டதில் இருந்து அதை எடுங்கள்.

நிகழ்ச்சி காலை வெயில் ஏறும் முன் முடியட்டும், முக்கால் மணி நேரம் தாராளம். பெற்றோருக்கும் மனைவிக்கும் முதல் வரிசையில் நிழலில் நாற்காலி, மேடையில் ஏற்றிக் கண்ணீரோடு பேசச் சொல்ல வேண்டாம். இரண்டு நிமிட மௌனம், பிறகு மலரஞ்சலி, முதலில் குடும்பம், அடுத்து முன்னாள் ராணுவத்தினர், அப்புறம்தான் மற்றவர்கள், எந்தப் பதவியில் இருந்தாலும். தேசியக்கொடியை மேஜை விரிப்பாகவோ சிலையைப் போர்த்தவோ பயன்படுத்தக் கூடாது, கொடிச் சட்டம் அதைத் தடுக்கிறது. கொடியை நாமாக அரைக்கம்பத்தில் பறக்கவிடவும் முடியாது, அதற்கு அரசு உத்தரவு வேண்டும். ஃப்ளெக்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்றால் அதில் அவர் படமும் விவரமும் மட்டும் இருக்கட்டும்.

சென்னைப் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள், அதிகாரியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவுக் கல். பெயர், பிரிவு, தேதி, பல கற்களில் வயதும் இருக்கும். இருபதும் இருபத்திரண்டும் என்று படித்துக்கொண்டே நடக்கிற பிள்ளைக்குத் தனியாக எதுவும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இது ஒருநாள் காரியம் இல்லை. ஓய்வூதியப் பேப்பர், பிள்ளைகளின் கல்வி உதவி விண்ணப்பம் என்று அந்த வீட்டுக்கு அலைச்சல் இருக்கும், கூடப் போக ஒரு ஆள் வேண்டும். கொடிநாள் வசூலுக்கு ஊர் சார்பில் பணம் சேர்த்துக் கொடுங்கள், அது முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நலனுக்குத்தான் போகிறது. டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தில், சுதந்திரத்துக்குப் பின் உயிர்விட்ட 25,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கிரானைட் கற்களில் இருக்கின்றன. அந்தக் குடும்பம் இதுவரை போனதில்லை என்றால் ஊரே சேர்ந்து ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம், இந்தி தெரிந்த ஒரு பையனையும் துணைக்கு அனுப்புங்கள்.