சங்கீதத்தை வைத்துத் தனிஜெபம் செய்வது எப்படி?

பல வருடங்களாகச் சபைக்குப் போய் வருகிறவர்கள்கூட, தனியே முழங்கால்படியிட்டதும் ஆராதனையில் கேட்ட ஜெபத்தையே திரும்பச் சொல்கிறார்கள். "அன்பும் இரக்கமும் நிறைந்த பரம தகப்பனே" என்று ஆரம்பித்து, "இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்" என்று தொடர்ந்து, வீட்டாரின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, நான்கைந்து நிமிடத்தில் ஆமென் போட்டு எழுந்துவிடுகிறார்கள். அதில் தப்பான வார்த்தை எதுவும் இல்லை. ஆனால் ராத்திரி தூங்கவிடாத கடன் அதில் இல்லை, கூடப்பிறந்தவர்மேல் இருக்கிற கசப்பு இல்லை, "இத்தனை நாள் கேட்டும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?" என்று நெஞ்சுக்குள் கிடக்கிற கேள்வியும் இல்லை. தேவனோடு நெருங்க முடியவில்லையே என்று வருந்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மனதில் உள்ளதை வாசலிலேயே விட்டுவிட்டு ஜெப அறைக்குள் போனால், அங்கே யார் யாரோடு பேசுகிறார்கள்?

இதற்கு வேதாகமத்திலுள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்கள் நல்ல துணை. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இவை திருப்பாடல்கள். மொத்தம் 150 இருக்கின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தான். இயேசு சிலுவையில் ஜெபித்தபோதும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வசனமும் 31-ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனமும்தான் அவர் வாயில் வந்தன. அந்த வேதனையிலும் அவருக்குத் தோள்கொடுத்த வார்த்தைகள் நமக்கும் போதும்.

முதலில் இடமும் நேரமும். ஆரம்பத்தில் 20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் என்று பொருத்தனை செய்கிறவர்களில் பலர் முதல் வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். இயேசு அதிகாலையில் இருட்டோடே வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. தானியேலோ தினம் மூன்று வேளை ஜெபித்தார். வேளை எதுவானாலும் தினமும் அதே வேளையாக இருக்கட்டும். இரவுப் பணிக்குப் போகிறவர்கள் வீடு திரும்பிக் குளித்தபின் உட்காரலாம். மத்தேயு 6:6 கதவைப் பூட்டச் சொல்கிறது. ஒரே அறையுள்ள வீட்டில் மொட்டைமாடியோ, மற்றவர்கள் எழும்புமுன் சமையலறையோ அந்தக் கதவாகும். படுக்கையில் மட்டும் வேண்டாம், தூக்கம் வந்துவிடும். முழங்கால் வலிக்கிறவர்கள் தாராளமாக நாற்காலியில் உட்காரலாம். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அச்சிட்ட வேதாகமத்தை எடுங்கள். செயலியில்தான் வாசிக்க முடியும் என்றால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் போதும், மனம் திரும்ப அடங்கப் பத்து நிமிடமாகும்.

எந்தச் சங்கீதம் என்று தினமும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பலர் கைக்கொள்ளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. இன்றைய தேதியை எடுத்து, அதோடு 30, 60, 90, 120 கூட்டுங்கள். 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. இந்த ஐந்தின் முதல் இரண்டு மூன்று வசனங்களை மட்டும் பார்த்து, இன்றைய உங்கள் நிலைக்கு எது ஒத்துப்போகிறதோ அதை எடுங்கள். 31-ஆம் தேதி 151 என்று வரும், அப்படி ஒரு சங்கீதம் இல்லை; மற்ற நான்கில் ஒன்றை எடுங்கள். 29-ஆம் தேதி 119 வரும். 176 வசனங்களை ஒரே அமர்வில் ஜெபிக்க முயலாதீர்கள். அது எட்டு எட்டு வசனங்களாக 22 பகுதிகள் கொண்டது, ஒரு நேரத்துக்கு ஒரு பகுதி போதும். மனச்சாட்சி குத்துகிற நாளில் கணக்கை விட்டுவிட்டு 32 அல்லது 51-க்குப் போங்கள்.

உட்கார்ந்ததும் ஓரிரு நிமிடம் பேசாமல் இருங்கள். மூச்சு சீராகட்டும். பிறகு சங்கீதத்தை வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை வாசியுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் உதடு அசையும் அளவுக்கு மெல்லிய குரலில் வாசிக்கலாம். கண்ணால் மட்டும் வாசித்தால் மனம் ஓடிவிடும். குரல் அதைப் பிடித்துவைக்கும். இரண்டாம் வாசிப்பில் எந்த வரி உங்களைத் தொடுகிறதோ, எந்த வரி உறுத்துகிறதோ, அங்கே நின்றுவிடுங்கள். சங்கீதத்தை முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இனி அந்த வசனத்தை உங்கள் ஜெபமாக்க வேண்டும். 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" இங்கே நின்று உங்கள் "எதுவரைக்கும்" என்ன என்று சொல்லுங்கள். "ஆண்டவரே, எதுவரைக்கும் இந்த வேலை தேடல்? எதுவரைக்கும் அம்மாவுக்கு இந்த வலி?" பெயரோடு, தேதியோடு, தொகையோடு சொல்லலாம். மூன்றாம் வசனம் "நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்" என்று கேட்கிறது. முறையீட்டுக்குப் பிறகுதான் விண்ணப்பம் வருகிறது என்பதைக் கவனியுங்கள். என்ன வேண்டும் என்று இந்த இடத்தில் ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். ஐந்தாம் வசனத்தில், இந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீது "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறார். அவருடைய நிலைமை மாறியதாக இடையில் ஒரு வார்த்தையும் இல்லை. உங்களால் அந்த வரியை முழுமனதோடு சொல்ல முடியாவிட்டால், "இந்த வரியை என்னால் இன்றைக்குச் சொல்ல முடியவில்லை, உதவி செய்யும்" என்று சொல்லுங்கள். அது அரைகுறை ஜெபம் அல்ல.

"அவர்" என்று வருகிற வசனங்களை "நீர்" என்று மாற்றிச் சொல்வது இன்னொரு நல்ல பழக்கம். 23-ஆம் சங்கீதமே இதைச் செய்கிறது. முதல் மூன்று வசனங்களில் மேய்ப்பரைப் பற்றிப் பேசுகிறவர், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று அவர் முகத்தை நோக்கியே பேசத் தொடங்குகிறார். நடையும் உங்கள் வீட்டு நடையாக இருக்கட்டும். "அப்பா" என்றோ "ஆண்டவரே" என்றோ வாயில் இயல்பாக வருவது எதுவோ அதுவே போதும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் "கர்த்தாவே, கர்த்தாவே" என்று போட்டு நிரப்புகிற பழக்கம் இருந்தால், அந்த இடத்தில் ஒரு மூச்சு அளவு மௌனம் விடுங்கள். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது அந்த மௌனத்தில்தான் தெளிவாகும்.

பாவ அறிக்கையைப் பொதுப்படையாகச் சொல்லி முடிக்காதீர்கள். "நான் ஒரு பாவி" என்று சொல்வது எளிது; "நேற்று அலுவலகத்தில் அவர் செய்த வேலையை நான் செய்ததாகச் சொன்னேன்" என்பது கடினம். "நான் அடக்கிவைத்தமட்டும்" எலும்புகள் உலர்ந்துபோயின என்று சங்கீதம் 32:3 சொல்வது அந்த அடைபட்ட நிலையைத்தான். ஒருவரோடு மனஸ்தாபம் இருந்தால் மத்தேயு 5:23-24 சொல்லும் வரிசை தெளிவானது: முதலில் போய் ஒப்புரவாகு, பிறகு வந்து காணிக்கை செலுத்து. வாரக்கணக்கில் ஜெபம் வறண்டு கிடக்கிறது என்கிறவர்கள், பேச்சு நின்றுபோன உறவு எதாவது உண்டா என்று முதலில் பார்ப்பது நல்லது.

மற்றவர்களுக்காக மன்றாடும்போது ஒரு நாளுக்கு மூன்று பெயருக்கு மேல் வேண்டாம். முப்பது பெயர்களை ஓடவிட்டால் அது வருகைப்பதிவு மாதிரி ஆகிவிடும். ஒரு குறிப்பேட்டில் தேதி, சங்கீத எண், கேட்டது என்ன என்று ஒரு வரி எழுதி, பக்கத்தில் இடம் விட்டுவையுங்கள். மாதக் கடைசியில் அந்த இடத்தை நிரப்புங்கள். நடந்தது, நடக்கவில்லை, வேறு விதமாக நடந்தது, இன்னும் தெரியவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். பவுல் தன் சரீரத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அப்படிப்பட்ட பதில்களையும் பதிவுசெய்கிற குறிப்பேடுதான் பிற்பாடு உதவும்.

கடைசி மூன்று நிமிடம் எதுவும் கேட்காமல் இருங்கள். மனம் அலைந்தால், நின்ற வசனத்தின் இரண்டு மூன்று வார்த்தைகளை மட்டும் சொல்லித் திரும்புங்கள். இருபது தடவை அலைந்தாலும் இருபது தடவை திரும்பலாம். அலைவது எதை நோக்கி என்று கவனித்து, அதே விஷயத்தை ஜெபமாக்குவதும் நல்லது. சத்தமோ தரிசனமோ வரும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளே தோன்றும் எண்ணத்தை உடனே "கர்த்தர் சொன்னார்" என்று அறிவிக்கவும் வேண்டாம். அது வேதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் கேட்டபின் முடிவெடுங்கள்.

109, 137 போன்ற சங்கீதங்களில் வரும் சாப வார்த்தைகளைக் கண்டு பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பழிவாங்கும் ஆசையைச் செயலில் காட்டாமல் தேவனுடைய கையில் ஒப்படைக்கிற வார்த்தைகளாக அவற்றை வாசியுங்கள்; யாரோ உங்களை நொறுக்கிய நாளில் அவற்றின் அவசியம் புரியும். 88-ஆம் சங்கீதம் கடைசி வரை விடியாமலே முடிகிறது. அப்படி முடிகிற ஜெபமும் வேதத்தில் இருப்பதால், அழுதுகொண்டே எழும்பிப்போகிற நாளிலும் ஜெபித்ததாகவே எண்ணிக்கொள்ளுங்கள். தூக்கமும் பசியும் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால் போதகரிடமும் மருத்துவரிடமும் போங்கள். மருந்து எடுப்பது அவிசுவாசம் அல்ல.

நாள் தவறும். காய்ச்சல், பயணம், பிள்ளைக்குப் பரீட்சை என்று எப்படியும் ஒரு வாரம் போய்விடும். விட்ட சங்கீதங்களையெல்லாம் சேர்த்து வாசித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அந்தப் பாரத்தில்தான் பலர் அடியோடு விட்டுவிடுகிறார்கள். இன்றைய தேதியைப் பார்த்து, அதோடு 30, 60, 90, 120 கூட்டி, அந்த ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் இரண்டே வசனங்கள் கொண்ட 117 போதும்.