முதல் ஃபிரேம்வொர்க்: எந்த மொழியில் தொடங்குவது?

இணையதளத்தை அடியிலிருந்து எழுதாமல் கட்ட உதவும் ஆயத்த நிரல் சட்டகம்தான் ஃபிரேம்வொர்க். அதற்கு எந்த நிரல் மொழி, பைத்தானா, பிஎச்பியா, ரூபியா, ஜாவாஸ்கிரிப்டா என்று குழம்பி நிற்கிறீர்களா? கொஞ்ச நேரம் எடிட்டரை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள்.

படி 1: உங்கள் தளம் செய்யவேண்டிய வேலையை ஒரே வரியில் எழுதுங்கள். “ஊர் நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்று குறித்துவைக்கும் தளம்.” இவ்வளவு போதும். பல ஃபிரேம்வொர்க்குகள் யாரோ ஒருவருடைய அன்றாடத் தேவையில் பிறந்தவைதான். பைத்தானில் எழுதிய ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி, 2005இல் திறமூலமாக (யாரும் நிரலைப் பார்த்துப் பயன்படுத்தலாம் என்று) வெளிவந்தது. பத்திரிகைக்காரர்கள் தாங்களே தகவல்களை உள்ளிடவேண்டும் அல்லவா? அதனால் நிர்வாகப் பக்கம் அதனுடன் சேர்ந்தே வருகிறது. நூலகத் தளத்துக்கு அதுவே பாதி வேலை. ரூபியின் ரெயில்ஸ், பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மைச் செயலியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

படி 2: தளத்தை எங்கே ஏற்றப்போகிறீர்கள்? மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்வது) மட்டும்தான் என்றால் பிஎச்பி அலைச்சலைக் குறைக்கும்.

படி 3: தமிழ்ச் சோதனை. இதைத் தவிர்க்காதீர்கள். “தமிழ்” என்ற சொல்லின் நீளத்தை ஒவ்வொரு மொழியிடமும் கேளுங்கள். பிஎச்பியில் நீளம் சொல்லும் ஸ்டர்லென் (strlen) 15 என்று சொல்லும். அது பைட்டுகளை, அதாவது கணினியின் சேமிப்பு அலகுகளை, எண்ணுகிறது. பைத்தானின் லென் (len) 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. நம் கண்ணுக்கு மூன்றே எழுத்துகள். தலைப்புகளை நீளம் பார்த்து வெட்டியபோது என் பக்கத்தில் “கவிதை” ஒருமுறை “கவித” என்று நின்றது. பார்க்கவே வலித்தது. ரூபியில், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகவே பிரிக்கும் கிராஃபீம் கிளஸ்டர்ஸ் என்ற வசதி மொழியிலேயே இருக்கிறது, சரியாக 3 என்று சொல்லும். பிஎச்பியில் intl என்ற நீட்சியை இயக்கினால், அதே வேலையைச் செய்யும் கிராஃபீம் ஸ்டர்லென் கிடைக்கும். பைத்தானுக்கு வெளியிலிருந்து ஒரு தொகுப்பை நிறுவவேண்டும்.

படி 4: இந்த மூன்று படிகளுக்குப் பிறகு உங்களுக்கு அதிகம் பொருந்தும் இரண்டு மொழிகளில் ஒரே பக்கத்தை எழுதிப்பாருங்கள், மொழிக்கொரு மாலை. வேண்டுமென்றே ஒரு பிழை செய்யுங்கள். பிழைச் செய்தியைப் படித்ததும் எந்த வரியைத் திருத்துவது என்று எதில் சீக்கிரம் புரிகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: ஜாங்கோவின் உரிமம் பிஎஸ்டி, ரெயில்ஸுக்கும் பிஎச்பியின் ஃபிரேம்வொர்க்கான லாராவெலுக்கும் எம்ஐடி. மூன்றிலும் தாராளமாகத் தொழில் செய்யலாம்.

இன்னும் தயக்கமா? பைத்தானும் ஜாங்கோவும் எடுங்கள் என்பேன். முதலில் ஒரு மெய்நிகர் சூழலை (இந்தத் திட்டத்துக்கு மட்டுமான தனி பைத்தான் இடத்தை) உருவாக்கி, அதற்குள் ஜாங்கோவை நிறுவுங்கள். பிறகு, தாளில் எழுதிய அந்த ஒரு வரியிலிருந்து “புத்தகம்” என்ற முதல் மாடலை, அதாவது தளம் சேமிக்கவேண்டிய தகவலின் வடிவத்தை, எழுதத் தொடங்குங்கள்.