காது மெஷின்: வாங்கும் முன்பும் முதல் ஆறு வாரமும்

காது மெஷின் வாங்கி இரண்டு மாதத்தில் கழற்றி பீரோவில் வைத்துவிட்ட வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தால் மெஷின் நன்றாகவே வேலை செய்யும். அவரவர் காதுக்குத் தக்கபடி சத்தத்தைத் திருத்தி வைக்கும் இரண்டாவது செட்டிங்குக்குப் போயிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அதனால் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால், எந்த இடத்துக்கு நான்கைந்து தடவை போய்வர முடியும் என்று யோசியுங்கள். வேலூர் பக்கம் பேரணாம்பட்டில் இருப்பவர் சென்னையில் விசேஷத்துக்குப் போன இடத்தில் வாங்கி வந்தால், அந்த மெஷின் முதல் நாள் வைத்த செட்டிங்கிலேயே கிடக்கும்.

முதலில் காது டாக்டர்

கடைக்குப் போவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையிலும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. காதுக் குறும்பி அடைத்திருந்தால், அதை எடுத்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம். காதில் சீழ் வடிகிறவருக்கு மோல்டு (காதின் அளவெடுத்துச் செய்யும் அச்சு) போட்டு அடைத்தால் சீழ் கூடும். முதலில் அதற்கு வைத்தியம். நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுவதையும், பட்ஸ், கோழி இறகு விட்டுக் குடைவதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. நேற்று கேட்ட காது இன்று காலை கேட்கவில்லை என்றால் அது அவசரம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையோ ஊசியோ எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. ‘சளி பிடித்திருக்கிறது, சரியாகிவிடும்’ என்று ஒரு மாதம் விட்டால் பிறகு மெஷின்தான் மிச்சம். ஒரு காது மட்டும் மந்தமாகிக்கொண்டே போனாலும், கூடவே தலைசுற்றல் இருந்தாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

ஆடியோகிராம் தாள்

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து எடுக்கும் கேட்கும் திறன் பரிசோதனையின் தாள் அது. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அவ்வளவு கேட்கவில்லை என்று அர்த்தம். 26 முதல் 40 டெசிபெல் வரை லேசான குறை, 41 முதல் 55 நடுத்தரம், 56 முதல் 70 சற்றுக் கடுமை, 71 முதல் 90 கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபெல்.

குடியாத்தம் விசைத்தறியிலோ, தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் பக்கத்திலோ இருபது முப்பது வருஷம் நின்றவர்களுக்குக் கோடு இடப்பக்கம் மேலேயே வந்து, கீச்சொலி இருக்கும் வலப்பக்கம் 4000 என்ற எண்ணுக்கு அருகில் தொப்பென்று கீழே விழும். இவர்கள்தான் ‘கேட்குது, ஆனா புரியல’ என்பவர்கள். உயிரெழுத்தின் ஓசை காதில் விழுகிறது. க, ச, ட, த, ப ஒன்றோடொன்று குழம்புகின்றன. ‘கடை’ என்றால் ‘படை’யா ‘தடை’யா ‘சடை’யா என்று தெரியாது. வீட்டில் இருப்பவர்கள் ‘வேண்டியது மட்டும் காதில் விழுது’ என்று சலித்துக்கொள்வார்கள். பாவம், அவருக்கு விழுவது பாதிச் சொல்தான்.

தாளில் பேச்சைப் புரிந்துகொள்ளும் சதவீதமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தும் பாதிச் சொற்கள்தான் புரிகின்றன என்றால், மெஷின் போட்டாலும் ஏறக்குறைய அந்த அளவில்தான் நிற்கும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். எந்த மொழிச் சொற்களை வைத்து எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். நம் பக்கம் வீட்டில் உருதுவும் தெலுங்கும் பேசுகிறவர்கள் நிறைய. அவர்களிடம் தமிழ்ச் சொல் சொல்லி எடுத்த மதிப்பெண் சரியாக இருக்காது.

எந்த மெஷின்

காதுக்குள் மறைந்துவிடும் சின்ன மெஷினைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். எழுபது வயதுக்காரருக்கு அது வேண்டாம். அதற்குப் போடும் 10 நம்பர் பேட்டரி மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நடுங்கும் விரலுக்குப் பிடிபடாது. குறும்பியும் வியர்வையும் உள்ளேயே இறங்கி அடைக்கும். காதுக்குப் பின்னால் மாட்டுவதுதான் பலருக்கும் ஒத்துவரும். லேசான, நடுத்தரக் குறைக்கு மெல்லிய கம்பியும், காதுக்குள் போகும் சின்ன ரப்பர் குடையும் (டோம்) உள்ள வகை. கடுமையான குறைக்கு அளவெடுத்துச் செய்த மோல்டோடு கூடிய வகை. அளவெடுக்கும்போது பஞ்சையோ ஸ்பாஞ்சையோ உள்ளே வைத்துவிட்டுத்தான் பசையை விட வேண்டும். வைக்காமல் விட வந்தால் தடுத்துவிடுங்கள். பசை செவிப்பறை வரை போய்விடும்.

இரண்டு காதும் மந்தம் என்றால் இரண்டுக்கும் போடுவதே நல்லது. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் என்றால், பொதுவாகப் பேச்சு அதிகம் புரிகிற காதுக்குப் போடுங்கள். விலை ஒரு காதுக்குச் சில ஆயிரத்தில் தொடங்கி இரண்டு லட்சத்தைத் தாண்டும். கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது கூட்டத்து இரைச்சலைக் குறைப்பதும், போனோடு இணைப்பதும், சார்ஜ் போடும் வசதியும். வீட்டில் நாலு பேரோடு பேசுகிறவருக்கு அத்தனையும் தேவையில்லை. கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவருக்குத் தேவைப்படலாம். ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்கு வருவது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெருக்கும் ஒலிபெருக்கி. மிச்சமிருக்கும் காதையும் அது கெடுக்கும்.

செட்டிங் வைப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த ஆடியாலஜிஸ்டா (கேட்கும் திறன் நிபுணர்) என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள்; கேட்பதில் தவறில்லை. ஒரு வாரமாவது வீட்டில் போட்டுப் பார்க்கத் தருவார்களா, செட்டிங்குக்கு ஒவ்வொரு தடவையும் காசா, பழுதானால் எங்கே அனுப்புவார்கள், இதெல்லாம் பில் போடும் முன் பேச வேண்டியவை. காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் சேர்த்திருந்தால் என்னவென்று கேளுங்கள். இரண்டு காதிலும் குறை 60 டெசிபெல்லைத் தாண்டியவர்கள் முதலில் மாற்றுத்திறனாளி சான்றும் அடையாள அட்டையும் எடுத்துவிட்டு, கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காது மெஷினுக்கு விண்ணப்பிக்கலாம். வேலூர்க்காரர்களுக்குச் சத்துவாச்சாரி, மாவட்டம் 2019இல் பிரிந்ததால் ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் அவரவர் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். அங்கே தரும் காதொலிக் கருவியையும் ஆடியாலஜிஸ்டிடம் கொண்டுபோய் செட்டிங் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஆறு வாரம்

முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும், நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம். ஃபேன் ஓடுவது, பாத்திரம் உருள்வது, பேப்பர் மடிப்பது எல்லாம் எரிச்சலாக இருக்கும். பல வருஷமாக வராத சத்தங்கள் ஒரேயடியாக வருகின்றன. எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று மூளை திரும்பப் பழக நாளாகும். தினத்தாளைப் பத்து நிமிடம் வாய்விட்டுப் படியுங்கள். தன் குரலே பானைக்குள் இருந்து வருவதுபோல் இருந்து, இரண்டு வாரமாகியும் மாறவில்லை என்றால், மோல்டில் காற்றுத் துளை போடவோ டோமை மாற்றவோ சொல்லலாம்.

இரண்டாவது வாரம் ஒருவரோடு எதிரே உட்கார்ந்து பேச்சு, பிறகு டிவி. மூன்றாவது வாரத்துக்கு மேல் தெரு, மளிகைக் கடை. கல்யாண மண்டபமும் வேலூர் பஸ் ஸ்டாண்டும் கடைசியில். முதல் நாளே அங்கே போட்டுக்கொண்டு போனவர்தான் ‘இது சரிப்படாது’ என்று கழற்றுகிறார். எந்த இடத்தில், யார் பேச்சு, எப்படிப் புரியவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி, செட்டிங்குக்கு எடுத்துப் போங்கள். ‘சரியா கேக்கல’ என்றால் ஆடியாலஜிஸ்டால் ஒன்றும் செய்ய முடியாது. ‘குக்கர் விசில் குத்துது, பேத்தி பேசுறது மட்டும் புரியல’ என்றால் எந்த ஸ்தாயியைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று தெரியும்.

விசில் அடித்தால்

மெஷினைக் கழற்றி ஆன் செய்து, மோல்டின் நுனித் துளையை விரலால் இறுக்கி மூடுங்கள். விசில் நின்றால் மெஷின் நன்றாக இருக்கிறது. மோல்டு காதில் தளர்ந்திருக்கிறது அல்லது காதில் குறும்பி இருக்கிறது. நிற்கவில்லையா, ட்யூபை மெஷினிலிருந்து உருவி, காதின் மேல் மாட்டும் கொக்கியின் நுனியை மூடுங்கள். இப்போது நின்றால் ட்யூபில் விரிசல். மடங்கும் இடத்தில் மஞ்சளாகி, விறைத்துப் போயிருக்கும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய பொருள்தான். அப்போதும் நிற்கவில்லை என்றால் மட்டும் சர்வீஸ்.

பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒன்றிரண்டு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். அது காற்றை எடுத்துக்கொண்டுதான் உயிர் பெறும். மறுபடி ஸ்டிக்கர் ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. பழுப்பு ஸ்டிக்கர் 312 ஏறக்குறைய ஒரு வாரம் வரும், ஆரஞ்சு 13 பத்து நாள், நீலம் 675 இரண்டு வாரத்துக்கு மேல்.

நம் ஊர் கத்திரி வெயிலில் மெஷினைக் கெடுப்பது வியர்வைதான். இரவில் துடைத்து, பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நீல மணி வெளுத்து இளஞ்சிவப்பானால் அதை மாற்ற வேண்டும். மோல்டை மட்டும் பிரித்தெடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். ட்யூபுக்குள் நிற்கும் தண்ணீரை ஊதி எடுத்த பிறகே மாட்டவும். குளிக்கும்போதும், தலைக்கு எண்ணெயோ டையோ வைக்கும்போதும் கழற்றுங்கள். தொழுகைக்கு முன் ஒளு செய்கிறவர்கள் கழற்றி வைத்து, காதை நன்றாகத் துடைத்த பிறகு மாட்டலாம். மாஸ்க் கழற்றும்போது ஒரு கையால் மெஷினைப் பிடித்துக்கொள்ளுங்கள்; கயிற்றோடு வந்து தெருவில் விழுந்து தொலைந்துபோனது எத்தனையோ.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. அடுப்படியில் இருந்தபடி கூப்பிடாமல், மூன்று நான்கு அடி தூரத்தில், முகம் தெரியும்படி நின்று பேசுங்கள். கத்தினால் ஓசை உடையும். அதோடு, மெதுவான சத்தம் கேட்காத காதுக்கே பெரிய சத்தம் சட்டென்று வலிக்கும். தீர்ந்த பேட்டரியை ஜன்னல் திட்டில் போட்டு வைக்காதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.