சஸ்பென்ஷன் பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாம்

பெங்களூருவின் துரஹள்ளி காட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிய பிறகு என் மவுண்டன் பைக்கின் பின்பக்கம் லொடலொடவென்று ஆட ஆரம்பித்தது. உங்கள் பைக்கிலும் அப்படி ஒரு சந்தேகம் இருந்தால், பின் சக்கரத்தையும் ஷாக்கையும் (அதிர்வு தாங்கியையும்) கழற்றிவிட்டு, பின் ஃப்ரேமைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள். மணல் அரைபடுவதுபோல நறநறத்தால், பின் ஃப்ரேம் அசையும் மூட்டில் இருக்கும் பேரிங் (இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் பாகம்) போய்விட்டது.

பேரிங்கின் சீல் மேலேயே எண் இருக்கும். என்னுடையது 6902: உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர். அதைக் குறித்துக்கொண்டு பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளுக்குப் போனேன். இருபுறமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையையே கேட்டு வாங்குங்கள்.

தயவுசெய்து சுத்தியலைத் தொடாதீர்கள். பேரிங் உட்காரும் அலுமினியக் குழி கோணிப்போனால் அந்த பாகமே வீண். ஒரு திரெட் ராட் (நீளம் முழுக்க மரை உள்ள கம்பி), இரண்டு நட்டு, வாஷர்கள், சாக்கெட்டுகள் போதும். ராடை பேரிங் வழியே நுழையுங்கள்; பேரிங்கைவிடச் சற்றுச் சிறிய சாக்கெட் ஒருபக்கம், அது வந்து விழும் அளவுக்குப் பெரியது மறுபக்கம். நட்டை முறுக்க முறுக்கப் பழையது வெளியே வரும்.

குழியைத் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவி, புதியதை வையுங்கள். அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால் குண்டுகளின் தடம் பதிந்து புது பேரிங்கே பாழாகும். ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் நிறுத்தி, சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். நான் ஒரே பேரிங்கை மூன்று முறை எடுத்து வைத்தேன்.

அப்புறம் போல்ட்டுகளுக்கு நீல நிற திரெட் லாக்கர் (மரை தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். ஷாக்கை மாட்டும் முன் பின் ஃப்ரேமைத் தூக்கி விடுங்கள். சத்தமில்லாமல் தானாக இறங்க வேண்டும்.