முகப் படத்தை எடிட் செய்யும் முறை: தோல் பிளாஸ்டிக் ஆகாமல் இருக்க

ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்த படமாக இருந்தால் நல்லது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. இருட்டில் கிடக்கும் கன்னத்தை வெளிச்சமாக்கும்போது ஜேபெக் திட்டுத்திட்டாக உடைவது இதனால்தான்.

முதல் படி, ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளையும் சாம்பலும் சாயமில்லாமல் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது. அடோபியின் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமின் டெவலப் பகுதியில் 'டபிள்யூ' அழுத்தி, படத்தில் சாம்பல் நிறமான ஏதாவது ஒன்றில் கிளிக் செய்யுங்கள். சொட்டு நீலம் போட்ட வேட்டியில் வேண்டாம். அந்த நீலத்தைக் கழிக்கப்போய் முகம் மஞ்சள் பூசியதுபோல ஆகிவிடும்.

அடுத்து வெளிச்சம். 'ஜே' அழுத்தினால் வெளுத்துப்போன இடங்கள் சிவப்பாகத் தெரியும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் சிவப்பு இருந்தால் ஹைலைட்ஸ் (வெளிச்சமான பகுதிகள்) ஸ்லைடரை -20 முதல் -40 வரை இறக்குங்கள். ஷேடோஸ் (நிழல் பகுதிகள்) +15 முதல் +30 போதும். அதற்கு மேல் போனால் மூக்கும் தாடையும் தட்டையாகிவிடும்.

ஆரஞ்சு லூமினன்ஸை (ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்) ஏற்றி முகத்தை 'சிவப்பாக்குவது' கல்யாண ஆல்பங்களில் சர்வசாதாரணம். கன்னம் சாம்பல் பூத்து, உதடு மட்டும் கறுத்துத் தனியாக நிற்கும். ஆளின் நிறத்தை மாற்றுவது எடிட்டிங் வேலையே இல்லை. அந்த ஸ்லைடரைத் தொடாதீர்கள்.

இனி தோல். கன்ட்ரோல் + ஈ அழுத்தினால் படம் போட்டோஷாப்புக்குப் போகும். புதிய காலி லேயர் (படத்தின்மேல் விரிக்கும் தனி அடுக்கு) ஒன்றைப் போட்டு, ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து, சாம்பிளை 'கரண்ட் அண்ட் பிலோ' என்று மாற்றுங்கள். பிரஷ் பருவைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். ஆல்ட்டைப் பிடித்துப் பருவுக்குப் பக்கத்திலேயே மாதிரி எடுங்கள். நெற்றித் தோலைக் கன்னத்தில் ஒட்டினால் துளைகளின் அளவு பொருந்தாது. இரண்டு வாரத்தில் தானே மறையும் பருவையும் கீறலையும் எடுக்கலாம். மச்சம், தழும்பு எல்லாம் அவர்கள் கேட்டால் மட்டும். கண்ணுக்குக் கீழுள்ள கருமையைத் தனி லேயரில் சரிசெய்து, அந்த லேயரின் ஒபாசிட்டியை (எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவை) 50% ஆக்குங்கள். முழுவதும் அழித்தால் வேறு ஆளாகிவிடுவார்.

தோலை வழவழப்பாக்க பிளர் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. துளைகள் போய்விடும், பிளாஸ்டிக்தான் மிஞ்சும். அதற்குப் பதில் 50% சாம்பல் நிரப்பிய லேயரை 'சாஃப்ட் லைட்' என்ற பிளெண்ட் மோடில் (கீழுள்ள படத்தோடு லேயர் கலக்கும் முறை) வைத்து, ஓரம் மென்மையான பிரஷ்ஷில் ஃப்ளோ (ஒரு தடவலில் இறங்கும் நிறத்தின் அளவு) 3% கொடுத்து, திட்டான இருட்டின்மேல் வெள்ளையும் பளபளப்பின்மேல் கறுப்பும் மெல்லத் தடவுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். நடுநடுவே படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள், 100% ஜூமில் எதை எடுத்தாலும் போதாதுபோலவே இருக்கும்.

கண்ணில் கருவிழிக்கு மட்டும் எக்ஸ்போஷர் +0.3. வெள்ளைவிழியை வெளுக்க வேண்டாம்.

சேமிக்கும்போது நிறவெளி (கலர் ஸ்பேஸ்) எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் தரம் 80. அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிறவெளியில் விட்டால் சில ஆப்களில் நிறம் மங்கித் தெரியும். இன்ஸ்டாகிராமுக்கு நெடுக்குப் படம் என்றால் 1080 × 1350 பிக்சல்.