பழைய புல்லட்டின் கிராங்க் பேரிங்: மாற்றுவதா, விட்டுவிடுவதா?

பழைய புல்லட் வைத்திருப்பவரிடம் யாராவது ஒருவர் என்றைக்காவது இதைச் சொல்லியே தீருவார்: "கீழே உறுமுது பாருங்க, கிராங்க் பேரிங் போயிருக்கும். இன்ஜினை இறக்கிடலாம்." சில வண்டிகளில் அது உண்மைதான். ஆனால் பிரைமரி செயின் (இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்) தளர்ந்திருப்பதையும் கிளட்ச் கடகடப்பதையும் கிராங்க் கணக்கில் எழுதிவிடுவது இன்னும் அதிகமாக நடக்கிறது. இன்ஜினைப் பிரிக்கச் சொல்வதற்கு முன்னால், வீட்டு வாசலிலேயே நீங்கள் பார்த்துக்கொள்ளக்கூடியவை நிறைய இருக்கின்றன.

இந்தப் பதிவு திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த வார்ப்பிரும்பு புல்லட் 350 பற்றியது (வார்ப்பிரும்பு என்பது பேரலை, அதாவது சிலிண்டரைச் சொல்வது). 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. கியர்பாக்ஸ் இன்ஜினுக்குப் பின்னால் தனியாக போல்ட் போட்டு நிற்கும். 2010-ஐ ஒட்டி வந்த யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) இன்ஜினில் கியர்பாக்ஸும் ஒரே கேஸுக்குள் (இன்ஜினின் வெளிக்கூட்டுக்குள்) போய்விட்டது. அதற்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

முதலில், எந்த பேரிங்கைப் பற்றிப் பேசுகிறோம்?

"கிராங்க் பேரிங்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சங்கதிகளைக் கலந்து பேசுகிறார்கள். பிஸ்டனின் மேல் கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டின் இரு முனைகளையும் கேஸில் தாங்கி நிற்பவை மெயின் பேரிங்குகள். இவை பால் (உருண்டை) பேரிங்கும் ரோலர் (உருளை) பேரிங்குமாக வரும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையில், கிராங்க் பின்னைச் சுற்றி இருப்பது பிக் எண்ட். பழைய புல்லட்டில் பிக் எண்ட் ஒரு மிதக்கும் புஷ், அதாவது உருண்டையோ உருளையோ இல்லாமல் எண்ணெய்ப் படலத்தில் சுழலும் உலோக வளையம். பின்னர் ரோலர் வகையும் வந்தது.

இந்த வேறுபாடு முடிவெடுக்க முக்கியம். எண்ணெய் பம்பிலிருந்து வரும் எண்ணெய் வலது பக்க ஷாஃப்ட் முனை வழியாக நேராக பிக் எண்டுக்குத்தான் போகிறது. மெயின் பேரிங்குகளுக்கு அங்கிருந்து தெறிக்கும் எண்ணெயே போதும். பாலும் ரோலரும் கொஞ்சம் எண்ணெயில் காலம் தள்ளும், புஷ் தள்ளாது. அதனால் எண்ணெய் குறைந்து ஓடிய புல்லட்டில் முதலில் சாவது பெரும்பாலும் பிக் எண்ட். அது உதிர்த்த உலோகத் துகள்தான் பிறகு மெயின் பேரிங்கைத் தின்னும்.

படி 1: சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கேஸில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்துங்கள். ஐடிலிங்கில் கிளட்ச் லீவரைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கிளட்ச் பக்கமோ கியர்பாக்ஸ் பக்கமோ தேடுங்கள். இடது கவருக்குள் சாட்டை அடிப்பதுபோல் கேட்டால் பிரைமரி செயின். குளிரில் தட்டி, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டன்; அதோடு இன்னும் பல வருஷம் ஓட்டலாம்.

மேட்டில் மூன்றாவது கியரில் திராட்டிலைத் திறக்கும்போது "டொக் டொக்" என்று கனமாகத் தட்டி, விட்டதும் குறைந்தால் பிக் எண்டைச் சந்தேகப்படுங்கள். மெயின் பேரிங் அப்படித் தட்டாது. தொடர்ந்து உறுமும், ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறும், ஃபுட்ரெஸ்டில் காலுக்குத் தெரியும். கிளட்ச் பிடித்தாலும் மாறாது.

சூடானபின் மட்டும் உறுமுகிற வண்டிகளும் உண்டு. அதன் காரணத்துக்குப் படி 6-இல் வருகிறேன்.

சத்தத்தை வைத்து மட்டும் இன்ஜினைப் பிரிக்காதீர்கள். வார்ப்பிரும்பு புல்லட் இயல்பிலேயே வாயாடி. எது எங்கிருந்து வருகிறது என்பதில் அனுபவமுள்ள மெக்கானிக்குகளே ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. அடுத்த இரண்டு படிகள்தான் சாட்சி.

படி 2: எண்ணெயைப் படியுங்கள்

வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, உடனே எண்ணெயை வடியுங்கள். ஆறவிட்டால் துகள்கள் அடியிலேயே தங்கிவிடும். வெள்ளைத் துணியை விரித்த சுத்தமான தட்டில் பிடியுங்கள். ஃபில்டரையும் கழற்றி, மடிப்புகளை மண்ணெண்ணெயில் அலசி, அந்த மண்ணெண்ணெயையும் அதே துணியில் வடிகட்டுங்கள்.

இப்போது ஒரு காந்தத்தை மெல்லிய பாலிதீன் கவரில் போட்டுத் துணிமேல் இழுங்கள். கவர் இல்லாமல் இழுத்தால் துகளைக் காந்தத்திலிருந்து பிரிப்பதற்குள் பொழுது போய்விடும்.

கரும்பசைபோல நுண்ணிய தூள் ஒட்டினால் கவலை வேண்டாம், எந்தப் பழைய இன்ஜினிலும் அது இருக்கும். விரலில் நெருடுகிற, வெளிச்சத்தில் மின்னுகிற தகடு போன்ற எஃகுச் செதில் ஒட்டினால் அது பேரிங்கின் பாதையிலிருந்தோ, கேம் ஃபாலோயரிலிருந்தோ, கியர்ப் பல்லிலிருந்தோ உரிந்தது. காந்தத்தில் ஒட்டாத வெள்ளிநிறச் செதில் அலுமினியமாக இருக்கலாம், பிக் எண்ட் புஷ்ஷின் மேற்பூச்சாகவும் இருக்கலாம். பொன்னிறம் என்றால் ஸ்மால் எண்ட் (ராடின் மேல்முனை) போன்ற வெண்கலப் புஷ்களைப் பாருங்கள்.

பழைய ஓனர் எண்ணெயே மாற்றாத வண்டியில் முதல் முறை வருவது எதையும் சொல்லாது. பல வருஷக் குப்பை மொத்தமாக வரும். புது எண்ணெய் ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, மறுபடி வடியுங்கள். இரண்டாவது தட்டில் வருவதுதான் இன்றைய நிலவரம்.

படி 3: ஷாஃப்டின் ஆட்டத்தை அளந்து பாருங்கள்

ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுக்கருவி) கடன் வாங்குங்கள். லேத் பட்டறைக்காரர்களிடம் கண்டிப்பாக இருக்கும்.

இடது பக்க பிரேக் பெடலையும் ஃபுட்ரெஸ்டையும் கழற்றுங்கள் (வலது கியர் உள்ள பழைய மாடலைச் சொல்கிறேன்). பிரைமரி கவரைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே நட்தான். கீழே தட்டு வைத்துவிட்டுத் திறங்கள், எண்ணெய் கொட்டும். பிறகு பிரைமரி செயினை நன்றாகத் தளர்த்துங்கள். இதை விட்டுவிட்டால் செயினின் இழுப்பே ஷாஃப்டை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் இருந்தாலும் தெரியாது.

டயல் கேஜின் காந்த அடி அலுமினியக் கேஸில் ஒட்டாது. ஒரு கனமான இரும்புப் பட்டையில் துளை போட்டு, ஸ்டேட்டர் (ஆல்டர்னேட்டரின் கம்பிச்சுருள்) நிற்கும் ஸ்டட்களில் ஒன்றில் இறுக்கி, அதன்மேல் காந்தத்தை வையுங்கள். ஊசி ஷாஃப்டின் மேல் நேர்செங்குத்தாக நிற்கட்டும். அடியில் மரக்கட்டையால் மெதுவாக நெம்பி, விட்டு, முள்ளின் வித்தியாசத்தைக் குறியுங்கள். ஷாஃப்டைக் கால் சுற்று சுற்றி மறுபடி, இப்படி நான்கு இடத்தில்.

பேரிங்குக்கு உள்ளேயே வேண்டுமென்று கொஞ்சம் இடைவெளி வைத்துத்தான் செய்கிறார்கள். 25 மி.மீ. ஷாஃப்டுக்கான சி3 வகை (சாதாரணத்தைவிட உள் இடைவெளி கூடியது) பால் பேரிங்கில் அது பொருத்துவதற்கு முன்பு 0.03 மி.மீ.க்கும் குறைவு, ரோலரில் அதைவிடச் சற்றுக் கூடுதல். தவிர, நாம் அளப்பது பேரிங்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில். அங்கே ஆட்டம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். நான் வைத்திருக்கும் கோடு இது: 0.05 மி.மீ. வரை வந்தால் கவரை மூடிவிட்டு ஓட்டலாம். 0.10 தாண்டினால் பேரிங்கோ அது உட்காரும் இடமோ தேய்ந்திருக்கிறது. இடையில் இருந்தால் படி 2 என்ன சொன்னதோ அதைக் கேளுங்கள்.

பக்கவாட்டில், அதாவது உள்ளே வெளியே நகர்வதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கொஞ்சம் நகரத்தான் வேண்டும். கவனிக்க வேண்டியது மேல் கீழ் ஆட்டம் மட்டுமே.

வலது பக்கத்தையும் இதேபோல் அளக்கலாம், டைமிங் கவரைத் திறக்க வேண்டும். அங்கே ஷாஃப்ட் முனையில் எண்ணெய் பம்பை ஓட்டும் வார்ம் நட் இருக்கிறது. அது இடதுகை மறை. அளப்பதற்கு அதைத் தொடவே தேவையில்லை. கழற்றும் கட்டாயம் வந்தால் மட்டும் திசையை ஞாபகம் வையுங்கள், வழக்கமான பக்கம் திருப்பி இறுக்கி உடைத்தவர்கள் உண்டு.

படி 4: பிக் எண்டைத் தனியாகப் பாருங்கள்

சந்தேகம் பிக் எண்டின்மேல் இருந்தால், அல்லது ரிங் மாற்ற ஹெட்டும் பேரலும் எப்படியும் கழற்றப்போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்க வேண்டாம். பேரலைப் பிடிக்கும் நட்களில் ஒன்று டேப்பட் அறைக்குள் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு பேரலைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடைத்து, ராடை உச்சியில் நிறுத்தி, இரண்டு கையாலும் நேர் மேலும் கீழும் இழுத்து அழுத்துங்கள். ராடு பக்கவாட்டில் சாய்வது சகஜம், அதை ஆட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். ரோலர் வகையில் மேல் கீழாக எதுவும் தெரியக் கூடாது. புஷ் வகையில் எண்ணெய்ப் படலத்துக்கான மயிரிழை இடைவெளி இருக்கும். ஆனால் "டக்" என்று விரலுக்குத் தட்டுப்பட்டால் அதன் ஆயுள் முடிந்தது. கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வேறு இடங்களிலும் பாருங்கள், பின் ஒரே பக்கம்தான் அதிகம் தேயும்.

படி 5: முடிவு

இங்கே எனக்கு உறுதியான கருத்து உண்டு. பேரிங்கின் விலையைவிட அதை எட்டுவதற்கான கூலி பல மடங்கு. ஆகவே வண்டியின் வயதையோ ஓடோமீட்டரையோ பார்த்து முடிவெடுக்காதீர்கள். கேஸ் மூடியிருக்கிறதா, ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

மூடியிருக்கிறது, எண்ணெயில் செதில் இல்லை, ஆட்டம் கோட்டுக்குள் என்றால் திறக்க வேண்டாம். "எதற்கும் மாற்றிவிடலாம்" என்று நன்றாக ஓடும் கிராங்கைப் பிரிப்பது பிரச்சினையைக் கூப்பிட்டு உட்காரவைப்பது. சரியாகப் பொருந்தியிருந்த கேஸ், அதன்பின் அதே மாதிரி பொருந்தும் என்று நிச்சயமில்லை.

செதில், ஆட்டம் இரண்டும் இருந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். ஆட்டம் மட்டும் இருந்தால் தள்ளிப்போடலாம், ஆனால் நீண்ட பயணம் வேண்டாம்.

வேறு காரணத்துக்காகக் கேஸ் திறந்துவிட்டதா? மெயின் பேரிங்குகளை மாற்றிவிடுங்கள். பிக் எண்ட் துகள் உதிர்த்த இன்ஜினில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆர்எக்ஸ் 100, பழைய ஜாவா மாதிரி டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: உங்கள் கணக்கு வேறு. அங்கே மெயின் பேரிங்குக்குக் கிடைப்பது பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெய் மட்டும். நெடுநாள் நின்ற வண்டியில் துரு சீக்கிரம் பிடிக்கும். கிராங்க் ஆயில் சீலும் பெரும்பாலும் காய்ந்துபோயிருக்கும். நான் அங்கே சீக்கிரமே திறந்துவிடுவேன்.

படி 6: திறந்தபின் பார்க்க வேண்டியது

பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, காற்றில் காயவிடுங்கள். கம்ப்ரெசர் காற்றில் விர்ரென்று சுற்றவிட்டு விளையாடாதீர்கள், எண்ணெயில்லாத பால்கள் பாதையைக் கீறிவிடும். விரலால் மெதுவாகச் சுற்றும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நெருடினால் குழி விழுந்திருக்கிறது. நீலம் பாய்ந்த நிறம் சூட்டின் அடையாளம். நெடுநாள் நின்ற வண்டியில் துருப்புள்ளி இருக்கும், குறிப்பாகத் தண்ணீர் தங்கும் அடிப்பக்கத்தில்.

பேரிங்கைவிட அது உட்கார்ந்திருந்த இடத்தை அதிக நேரம் பாருங்கள். வெளி வளையத்தின் முதுகு பளபளவென்று மெருகேறியிருந்தால் அது கேஸுக்குள் சுழன்றிருக்கிறது. அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 62 மி.மீ. துளை 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 0.11 மி.மீ. பெரிதாகும், எஃகு வளையம் அதில் பாதிதான் ஈடுகொடுக்கும். பொருத்தம் ஏற்கெனவே தளர்ந்த கேஸில் சூடானதும் வளையம் விடுபட்டுச் சுற்றும். படி 1-இல் சொன்ன, சூட்டில் மட்டும் வரும் உறுமல் இதுவாக இருக்கலாம். இதற்குப் புது பேரிங் மருந்தில்லை. துளையைப் பெரிதாக்கி ஸ்லீவ் போட வேண்டும், அதுவும் இரண்டு கேஸையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் போர் செய்யத் தெரிந்த பட்டறையில். சென்டர் பஞ்சால் துளையைச் சுற்றிக் குத்திப் பேரிங்கை இறுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. யாராவது அப்படிச் செய்ய வந்தால் கேஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஷாஃப்டில் உள் வளையம் கையால் தள்ளினாலே ஏறினால், ஷாஃப்டும் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்டை மாற்றுவதையும் செலவில் சேருங்கள்.

படி 7: வாங்கும்போது

பழைய வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை முழுதாக எழுதிக்கொண்டு போங்கள். உதாரணமாக 6305 என்றால் பால் பேரிங். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம், அதாவது 25 மி.மீ. வெளி விட்டம் 62, அகலம் 17. என்யூ என்று தொடங்கினால் உள் வளையம் தனியாகக் கழன்று வரும் ரோலர் பேரிங். பின்னால் சி3 இருந்தால் அதுவும் எண்ணின் பகுதிதான். "சி3 இல்லை, சாதாரணமே போதும் சார்" என்றால் வேறு கடை பாருங்கள். சூட்டில் இயங்கும் கிராங்குக்கு அந்தக் கூடுதல் இடைவெளி தேவை.

பெரிய கம்பெனிப் பெயரில் போலி பேரிங்குகள் தாராளமாகப் புழங்குகின்றன. அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். பழையவற்றை, புதியவை பொருந்தி இன்ஜின் ஓடும்வரை தூக்கிப்போட வேண்டாம்.

கேஸை மூடுவதற்கு முன்னால் கிராங்கை லேத் சென்டரில் வைத்து ஓட்டம் பார்க்கச் சொல்லுங்கள். இரு ஷாஃப்டிலும் டயல் கேஜ் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் நேராக்கித் தரச் சொல்லுங்கள். புது பேரிங்கில் வளைந்த கிராங்கைப் போட்டால் படி 3-இல் அளந்த ஆட்டம் சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.