அடுத்த உகுலேலே வாங்குவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிடாரைப் போன்ற, நான்கு தந்தி கொண்ட சிறு இசைக்கருவியான உகுலேலே ஒன்று கைக்கு வந்து சில மாதங்கள் ஆவதற்குள் அடுத்ததன்மீது மனம் போவது இக்கருவியை வாசிப்பவர்களிடம் மிகவும் பரவலாகக் காணப்படும் இயல்பு. அதை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. கருவி சிறியது, எடை குறைந்தது, அதிக இடத்தை அடைப்பதில்லை. சிறியதிலிருந்து பெரியதுவரை சொப்ரானோ, கான்சர்ட், டெனர், பாரிட்டோன் என்று நான்கு அளவுகளிலும், கோவா, மகோகனி, ஸ்புரூஸ், சிடார் என்று பலவகை மரங்களிலும் கிடைக்கும் இக்கருவிகளின் ஒலி உண்மையாகவே ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது. எனவே ஒன்றுக்கு மேல் வாங்குவதே தவறு என்பது என் கருத்தன்று. கையிலுள்ள கருவியில் சரிசெய்துவிடக்கூடிய ஒரு குறையை, அல்லது நம் பயிற்சியில் உள்ள ஒரு குறையை, புதிய கருவி தீர்த்துவிடும் என்று நம்பி வாங்குவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இவ்வாறு நிகழும் தவறுகளில் முதன்மையானது, சரியாக அமைக்கப்படாத கருவியை மட்டமான கருவி என்று முடிவுகட்டுவது. விரலால் அழுத்தாத, அதாவது திறந்த தந்திகள் நான்கும் சுருதி சேர்ந்திருக்கும். ஆனால் எஃப் அல்லது பி ஃபிளாட் கார்டைப் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரலமைப்பை) பிடித்தவுடன் ஒலி பிசகும், விரலும் வலிக்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம், கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட் என்னும் சிறு துண்டின் பள்ளங்கள் போதிய ஆழத்துக்கு வெட்டப்படாமல் இருப்பதே. தந்தி உயரத்தில் நிற்பதால், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளில் முதலாவதில் அதை அழுத்தும்போது தேவைக்கு மேல் இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டாம் ஃபிரெட்டுக்கும் மூன்றாம் ஃபிரெட்டுக்கும் இடையில் தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது மயிரிழை அளவுக்கே இருக்க வேண்டும். அதைவிடத் தெளிவாக இடைவெளி தெரிந்தால், குறை நட்டில் இருக்கிறது. அப்பள்ளங்களை ஆழப்படுத்தும் வேலையைக் கருவி பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. சற்று அதிகமாக அராவிவிட்டாலும் திறந்த தந்தி ஃபிரெட்டில் பட்டு அதிரத் தொடங்கும்.

பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் தந்தியின் உயரம் ஏறத்தாழ 2.5 முதல் 3 மி.மீ. வரை இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு வாசிக்க வசதியாக இருக்கும். அதற்கு மேல் இருந்தால், தந்திகளின் கீழ்முனை கட்டப்படும் பிரிட்ஜில் செருகப்பட்டிருக்கும் சேடில் என்னும் பட்டையின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் குறைக்கலாம். பன்னிரண்டாம் ஃபிரெட் தந்தியின் நடுப்புள்ளி என்பதால், அங்கே 1 மி.மீ. குறைய வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. குறைக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் சரிசெய்து, புதிய தந்திகளும் கட்டிய பிறகு, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய சுரம் திறந்த தந்தியின் மேல் ஸ்தாயியிலிருந்து அப்போதும் வெகுவாக விலகி ஒலித்தால், அது கருவியின் குறைதான். வேறு கருவி தேடுவதற்கு அது நேர்மையான காரணம்.

தந்தியை மாற்றிப் பார்க்காமலே கருவியை மாற்றுவது அடுத்த தவறு. நைலானும் ஃபுளோரோகார்பனும் ஒரே கருவியில் வெவ்வேறு குரலில் பேசும். ஃபுளோரோகார்பன் தந்தி பொதுவாக மெல்லியதாகவும் ஒலியில் துலக்கமாகவும் இருக்கும். அதேபோல், ஆழமான ஒலி வேண்டும் என்பதற்காகவே டெனர் வாங்குவோர் பலர், உண்மையில் தேடுவது தாழ்ந்த ஜி தந்தியை. வழக்கமான சுருதியமைப்பில் நான்காம் தந்தியான ஜி, 392 ஹெர்ட்ஸில், பக்கத்திலுள்ள சி தந்தியைவிட உயர்ந்து ஒலிக்கிறது. அதற்குப் பதிலாக 196 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஜி தந்தியைக் கட்டினால், கையிலுள்ள கான்சர்ட்டிலேயே அந்தத் தந்தி ஒரு முழு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். அத்தந்தி தடிமனாக இருந்தால் நட்டின் பள்ளத்தைச் சற்று அகலப்படுத்த வேண்டிவரும், அவ்வளவுதான். புதுத் தந்திகள் நீண்டு நிலைபெறச் சில நாட்கள் ஆகும் என்பதால், அதற்கு முன் எந்தக் கருவியைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

விரல்கள் பெரியவை என்பதால் பெரிய அளவு வேண்டும் என்ற முடிவும் பல வேளைகளில் அரைகுறையான கணக்காகவே இருக்கிறது. சொப்ரானோவில் தந்தியின் நீளம் ஏறத்தாழ 33 முதல் 35 செ.மீ., கான்சர்ட்டில் 38, டெனரில் 43. இந்த நீளம் கூடும்போது ஃபிரெட்டுகளுக்கு இடையேயான தூரம்தான் கூடுகிறது. ஒரு தந்தியை அழுத்தும் விரல் பக்கத்துத் தந்தியைத் தொட்டுவிடுவதுதான் உங்கள் சிரமம் என்றால், அதைத் தீர்மானிப்பது நட்டின் அகலம். ஏறக்குறைய 35 மி.மீ. முதல் 38 மி.மீ. வரை வேறுபடும் அந்த அகலம், அளவைப் பொறுத்து மாறுவதைவிடத் தயாரிப்பாளரைப் பொறுத்தே மாறுகிறது. டெனர் வாங்கியும் அதே நெருக்கடியில் தவிப்பவர்கள் உண்டு.

பதிவுகளில் கேட்ட ஒலியை நம்பி வாங்குவதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. மைக்கும் அறையும் வாசிப்பவரின் வலக்கையும் சேர்ந்து உருவாக்கிய ஒலி அது. புகழ்பெற்ற ஹவாய் உகுலேலே கலைஞர் ஜேக் ஷிமாபுகுரோ வாசிப்பது நான்கு தந்தி டெனர்தான். அதே டெனர் நம் மடியில் வேறு விதமாகவே ஒலிக்கும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, பயிற்சி தேங்கும்போது எழும் ஆசை. சி, ஏ மைனர், எஃப், ஜி7 ஆகியவை கைக்கு வந்து, பல பாடல்களுக்கு வாசிக்க முடிந்தபின், ஈ கார்டிலோ விரலால் மீட்டும் முறையிலோ முன்னேற்றம் நின்றுவிடும். அப்போது புதிய கருவி வந்தால் சில நாட்கள் உற்சாகம் பொங்கும், ஆனால் வாசிக்கப்படுவதோ பழைய பாடல்களே. சொப்ரானோ, கான்சர்ட், டெனர் மூன்றுக்கும் வழக்கமான சுருதியமைப்பு ஒன்றே என்பதால், ஈ கார்டின் விரலமைப்பும் மூன்றிலும் ஒன்றே. அந்தக் கடினம் ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு நம்முடனேயே வரும். ஆசை எழும் வேளையில், எந்தச் சுரத்தை, எந்தப் பாடலை இப்போதுள்ள கருவியில் வாசிக்க முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது பயன்தரும். எழுத ஒன்றுமே இல்லாவிட்டால், வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.

பராமரிப்பைக் கணக்கில் கொள்ளாமல் சேர்ப்பதும் தவறே. ஒட்டுப்பலகையால் செய்த கருவி ஈரப்பத மாற்றத்தை ஓரளவு தாங்கும். முழு மரத்தால் செய்த கருவிக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் உகந்தது. நீண்ட காலம் வறண்ட காற்றில் கிடந்தால் மரம் சுருங்கி, ஃபிரெட்டுகளின் முனைகள் கையைக் கீறும், பலகையும் வெடிக்கலாம். ஐந்து கருவிகள் என்றால் இந்தக் கவனிப்பும் ஐந்து மடங்கு. ஆகவே, சுமாரான மூன்றை வாங்கும் தொகையில், நன்கு அமைக்கப்பட்ட ஒன்றை வாங்குவதே மேல் என்று எண்ணுகிறேன்.

இரண்டாவது கருவி உண்மையாகவே புதிதாக ஒன்றைத் தர வேண்டுமானால், என் பரிந்துரை பாரிட்டோன். டி, ஜி, பி, ஈ என்ற அதன் சுருதியமைப்பு கிடாரின் முதல் நான்கு தந்திகளுக்கு உரியது என்பதால், கிடார் கார்டுகளைக் கற்க அது வழிவிடும். ஐந்தாம் ஃபிரெட்டில், எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வியான கேப்போவை மாட்டினால், தாழ்ந்த ஜி கொண்ட வழக்கமான சுருதியும் அதிலேயே கிடைக்கும். அது வந்தபின் தொடப்படாமல் கிடக்கும் பழைய கருவிக்குப் புதுத் தந்தி கட்டி, நட்டையும் சரிசெய்து, கற்கத் தொடங்கும் ஒருவரிடம், சுருதி சேர்க்க உதவும் ட்யூனருடன் கொடுத்துவிடுங்கள்.